கறுத்த வட்டம் எதைச் சொல்கிறது?

சென்ற இதழில் தோள்வலி பற்றி எழுதும்போது, போகிற போக்கில் ‘கப்பிங்’ என்று ஒரு வார்த்தை போட்டேன். கிண்ணத்தைத் தோலில் கவிழ்த்து, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்துத் தோலை மேலே இழுக்கும் சிகிச்சை அது. வந்த கடிதங்களில் தோள்வலியைக் காணோம். எல்லோரும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். நான் இயன்முறை மருத்துவர். என் சிகிச்சை அறை அலமாரியிலும் ஒரு பெட்டி நிறையக் கிண்ணங்கள் இருக்கின்றன. தோலைக் கீறாத உலர் கப்பிங்கை, தசைவலிக்கு, வேண்டும் என்பவர்களுக்குச் செய்கிறேன். ஆகவே இதை ஒரேயடியாக ஏசவும் எனக்கு வாயில்லை. தலையில் தூக்கிவைத்து ஆடவும் மனமில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கழுத்து, தோள்பட்டை வலிக்காக முதுகில் கிண்ணங்கள் வைத்தார்கள். வலப்பக்கம் இரண்டு வட்டம் மட்டும் நன்றாகக் கறுத்துவிட்டது. “கல்லீரலில் சூடு தங்கியிருக்கிறது, தொடர்ந்து வர வேண்டும்” என்கிறார் வைத்தவர். பயமாக இருக்கிறது.
– தையல் வேலை செய்யும் வாசகி

பயப்படாதீர்கள் அம்மா. அந்தக் கறுப்புக்கும் கல்லீரலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கிண்ணம் வைக்கும்போது உங்கள் முதுகை உங்களால் பார்க்க முடியாது. நான் பார்ப்பதைச் சொல்கிறேன். கிண்ணத்தின் தலையில் ஒரு சின்ன வால்வு. அதில் கைப்பம்பைப் பொருத்தி இரண்டு இழுப்பு இழுத்தால் உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. தோல் மெல்ல எழும்பிக் கிண்ணத்துக்குள் மேடாக நிற்கிறது. முதலில் மயிர்க்கால்கள் விரிந்து தெரியும். பிறகு இளஞ்சிவப்பு, அப்புறம் சிவப்பு. மூன்று நான்கு நிமிடம் போனால் சிவப்புக்குள் ஊசிமுனை அளவில் கரும்புள்ளிகள் தோன்றும். தோலடியில் இருக்கும் தந்துகிகள், அதாவது மயிரிழையைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள், இழுப்பு தாங்காமல் உடைந்து ரத்தம் கசிவதுதான் அந்தப் புள்ளிகள். புள்ளிகள் ஒன்றுசேர்ந்தால் வட்டம். நாற்காலியில் இடித்துக்கொண்டால் வருகிற கன்றலுக்கும் இதற்கும் தன்மையில் வேறுபாடு கிடையாது. இதுவும் ஊதா, பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி, ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும்.

ஒரு வட்டம் வெளிறியும் இன்னொன்று கறுத்தும் இருப்பது ஏன்? பம்பை ஓர் இழுப்பு கூட இழுத்திருப்பார். அல்லது அந்தக் கிண்ணத்தைக் கடைசியில் எடுத்திருப்பார். அந்த இடத்தில் தோல் மெல்லியதாக இருக்கலாம். கிண்ணத்தின் விளிம்பு எலும்பு மேட்டின் மேல் சரியாகப் பதியாவிட்டால் காற்று கசிந்து தடமே விழாமலும் போகும். சந்தேகம் தீரவில்லை என்றால், அதே கிண்ணத்தை அதே இழுப்பில் அதே நேரம் அவருடைய முதுகில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கும் கறுக்கும். அப்போது அவருடைய கல்லீரலைப் பற்றி என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.

கல்லீரலைப் பற்றி நிஜமாகவே கவலை இருந்தால் அதற்கென்று ரத்தப் பரிசோதனை இருக்கிறது. உங்கள் வலிக்கு வருவோம். கிண்ணம் சில நாள் இதமாக இருந்தால் நல்லதுதான். ஆனால் ஊசிமுனையைப் பார்க்க நாள் முழுவதும் கழுத்தை முன்னே நீட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் வலி திரும்ப வரும். நாற்காலியை மிஷினுக்கு இன்னும் நெருக்கமாகப் போட்டு, வெளிச்சத்தை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். வலி கைக்கு இறங்கினாலோ, விரல் மரத்தாலோ, கத்தரிக்கோலைப் பிடிக்கும் வலு குறைந்தாலோ கிண்ணத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

தோலைக் கீறி ரத்தம் எடுக்கும் ஈரக் கப்பிங் செய்துகொண்டேன். கிண்ணத்தில் கறுப்பாக, ஜெல்லி மாதிரிக் கட்டியாக ரத்தம். “இத்தனை கெட்ட ரத்தம் உடம்பில் இருந்தது” என்று காட்டினார்கள். கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது?
– வங்கி ஊழியர்

பார்த்தது உண்மை. அதற்குச் சொன்ன விளக்கம்தான் தவறு.

ரத்தம் உடலை விட்டு வெளியே வந்தால் உறையும். உறையாவிட்டால்தான் நாம் கவலைப்பட வேண்டும். கண்ணாடிக் குழாயில் எடுத்துவைத்தால் சுமார் 5 முதல் 10 நிமிடத்துக்குள் கட்டியாகிவிடும். கிண்ணமும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் முதுகில் இருந்தது. உங்களிடம் காட்டியது உங்கள் ரத்தம் ஆரோக்கியமாக உறைகிறது என்பதற்கான சான்று. அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது கவனியுங்கள். சில குழாய்களுக்குச் சிவப்பு மூடி, சிலவற்றுக்கு ஊதா மூடி இருக்கும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இருக்கிறது. அதில் ரத்தம் நீராகவே நிற்கும். சிவப்பு மூடிக் குழாயில் சற்று நேரத்தில் அதே கறுஞ்சிவப்பு ஜெல்லி. ஒரே கை, ஒரே ஊசி, ஒரே ரத்தம்.

நிறம் கறுத்திருப்பதற்கும் காரணம் உண்டு. ஆக்சிஜனைக் கொடுத்து முடித்த ரத்தம் இயல்பாகவே கறுத்துத்தான் இருக்கும். இழுப்பில் தேங்கி நின்றால் இன்னும் கறுக்கும்.

அப்படியானால் ‘நச்சு’? நீங்கள் வங்கியில் வேலை பார்ப்பவர், கணக்கில் சொல்கிறேன். வளர்ந்தவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓயாமல் சுற்றிக் கலந்துகொண்டே இருக்கிறது. அதில் ஏதோ ஒரு நச்சு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கிண்ணங்களில் மொத்தமாக 50 மில்லி வந்தால், வெளியேறியது நூற்றில் ஒரு பங்கு. மீதி 99 பங்கு உள்ளேதான் சுற்றுகிறது. அதே நேரத்தில் சிறுநீரகங்கள் நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கழிவை மட்டும் வெளியேற்றுகின்றன. கெட்டது மட்டும் தோலடியில் வந்து வரிசையில் நிற்கும், பிளேடு பட்டதும் அது மட்டும் இறங்கிவரும் என்பதற்கு உடலில் எந்த ஏற்பாடும் இல்லை.

ரத்தத்தை எடுத்தே சமாளிக்கும் நோய்கள் இன்றும் இருக்கின்றன. உடலில் இரும்புச் சத்து அளவு மீறிச் சேரும் ஹீமோகுரோமட்டோசிஸ், சிவப்பணுக்கள் பெருகிப்போகும் பாலிசைதீமியா இரண்டிலும் மருத்துவமனையில் ரத்தத்தை இறக்குகிறார்கள். அதற்குச் சிரையில் ஊசி போட்டு, ஒரு தடவைக்குச் சுமார் 450 மில்லி எடுப்பார்கள்; பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கிண்ணத்தால் ஆகிற காரியம் அல்ல அது.

கப்பிங் சீனர்களுடையதா, அரேபியர்களுடையதா, நம்முடையதா? இத்தனை ஆயிரம் ஆண்டு நிலைத்த ஒன்றைச் சில ஆய்வுகளை வைத்து மறுக்கலாமா?
– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

ஐயா, யாரும் தனியாக உரிமை கொண்டாட முடியாத சொத்து இது. எகிப்தில் கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுவடியில் இதைப் பற்றிய குறிப்பு இருப்பதாகச் சொல்வார்கள். கிரேக்கத்தில் ஹிப்போக்ரட்டீஸ் காலத்து மருத்துவர்கள் செய்தார்கள். சீனாவில் மவாங்துய் என்ற இடத்தில் ஹான் காலத்துக் கல்லறையை 1973-இல் தோண்டியபோது கிடைத்த பட்டுச்சுவடியில் கொம்பு வைத்து உறிஞ்சும் முறை இருக்கிறது. ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதை கொம்பு, ரத்தம் உறிஞ்சும் அட்டை, சுரைக்குடுக்கை மூன்றையும் சொல்லி, வாதத்துக்குக் கொம்பு, பித்தத்துக்கு அட்டை, கபத்துக்குச் சுரைக்குடுக்கை என்று பங்கு பிரித்துக் கொடுக்கிறது. அந்தக் குடுக்கைக்குள் சிறு விளக்குத் திரியை எரியவிட்டுத் தோலில் கவிழ்ப்பார்கள். இன்றைய நெருப்புக் கப்பிங்கின் பாட்டன் அது. சித்த மருத்துவத்தின் 32 புற மருந்து முறைகளில் அட்டை விடலும் உறிஞ்சலும் குருதி வாங்கலும் உண்டு. பாரசீக மருத்துவர் இப்னு சீனாவும் தமது மருத்துவ நூலில் இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்; யுனானி அதை இன்றும் தொடர்கிறது.

கொம்பை எப்படி வைத்தார்கள் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு உண்டு. அகன்ற வாய் நோயாளியின் தோலில். கூர்முனையில் ஒரு துளை. வைத்தியர் அந்தத் துளையில் வாயை வைத்து மூச்சை உள்ளே இழுத்து, வெற்றிடம் வந்ததும் துளையை அடைத்துவிடுவார். பம்பு வருமுன் வைத்தியரின் நுரையீரல்தான் பம்பு. ஐரோப்பியர்கள் வேறு வழியில் போனார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளைப் பெட்டி. பொத்தானை அழுத்தினால் சுருள்வில் விடுபட்டு ஏழெட்டுக் கத்திகள் ஒரே சமயத்தில் பாய்ந்து தோலைக் கீறும். அதன்மேல் கண்ணாடிக் கிண்ணம். 19-ஆம் நூற்றாண்டு வரை இது மரியாதைக்குரிய மருத்துவமனைக் கருவி.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு அந்த நூற்றாண்டே பதில் சொல்கிறது. ரத்தம் இறக்குதல் ஈராயிரம் ஆண்டுக்கு மேல் நிலைத்த சிகிச்சை. காய்ச்சலா, நிமோனியாவா, எதற்கும் அதுதான். பாரிஸில் பியர் லூயி என்ற மருத்துவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். யாருக்கு எந்த நாளில் ரத்தம் இறக்கினார்கள், யார் பிழைத்தார், யார் இறந்தார் என்று நிமோனியா நோயாளிகளை அட்டவணை போட்டார். 1835-இல் நூலாக வந்தது. எல்லோரும் நம்பிய அளவுக்குப் பலன் அதில் தெரியவில்லை. அந்தப் பழக்கம் அதற்குப் பிறகும் உடனே ஒழிந்துவிடவில்லை, பழக்கத்தின் பலம் அப்படி. நீண்ட காலம் நிலைத்தது என்பதால் ஒன்றை மதிப்பேன். எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

கப்பிங்கில் இடுப்புவலி போய்விட்டது என்கிறாள் மனைவி. எல்லாம் மனப்பிரமை என்கிறேன் நான். தீர்ப்பு சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பெயர் வேண்டாம் என்றதிலேயே தீர்ப்பு எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. வலி குறைந்தது என்று உங்கள் மனைவி சொல்வது சரி. வலி அவருடையது, சாட்சியும் அவர்தான். எதனால் குறைந்தது என்பது தனிக் கேள்வி.

ஜெர்மனியில் ஃபைப்ரோமையால்ஜியா எனப்படும் நாள்பட்ட உடல்வலி உள்ளவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. மூன்று குழு. ஒன்றுக்கு நிஜக் கிண்ணம். இன்னொன்றுக்குப் பார்வைக்கு அதேபோன்ற கிண்ணம், ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத துளை; இழுப்பு சில நொடியில் கசிந்துவிடும். மூன்றாம் குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். வழக்கமான சிகிச்சையைவிடக் கப்பிங் குழுவுக்கு வலி குறைந்தது. ஆனால் துளைக் கிண்ணத்தைவிட நிஜக் கிண்ணம் மேல் என்று காட்ட முடியவில்லை. 2012-இல் வந்த வேறொரு தொகுப்பு 135 ஆய்வுகளை அலசிவிட்டு, நம்பிக்கை தரும் முடிவுகள் சில இருந்தாலும் ஆய்வுகளின் தரம் பெரும்பாலும் போதாது என்றது. இந்தத் துறையின் தலைவலியே அதுதான். மாத்திரைக்குப் பதில் சர்க்கரை மாத்திரை கொடுத்து ஏமாற்றலாம். முதுகில் கிண்ணம் இழுக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி ஒருவரை ஏமாற்றுவது லேசில்லை.

பிரமை என்று நீங்கள் தள்ளிவிடுவதும் சரியில்லை. தோலை அழுத்துவதும் இழுப்பதும் தண்டுவடத்தில் வலிச் செய்தியின் வேகத்தைத் தணிக்கலாம் என்ற கோட்பாட்டை மெல்சாக், வால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1965-இலேயே முன்வைத்தார்கள். இடித்த முழங்கையை நாம் தேய்த்துக்கொள்வது இதனால்தான். அதோடு, ஒருவர் அரை மணி நேரம் உங்கள் இடுப்பைக் கவனித்துத் தொட்டுப் பார்ப்பதே இறுகிய தசையைத் தளர்த்தும். திடீர் இடுப்புவலிகள் பலவும் சில வாரங்களில் தாமாகத் தணிகிறவை என்பதையும் கணக்கில் சேருங்கள். கடைசியாகக் கிண்ணம் வைத்தவருக்குப் பெயர் போய்ச் சேரும். உங்கள் மனைவி செலவும் தீங்கும் இல்லாமல் உலர் கப்பிங் செய்துகொள்கிறார் என்றால் விட்டுவிடுங்கள். நடைப்பயிற்சிக்கு மட்டும் கூடவே அழைத்துப் போங்கள்.

2016 ரியோ ஒலிம்பிக்ஸில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் அந்த வட்டங்களைப் பார்த்தேன். நானும் செய்துகொண்டால் வேகம் கூடுமா?
– கல்லூரிக் கால்பந்து வீரர்

தம்பி, ஃபெல்ப்ஸ் தங்கம் வெல்லத் தொடங்கியது 2004-இல். வட்டங்கள் பிரபலமானது 2016-இல். நன்றாகத் தூங்குங்கள், பயிற்சிக்குப் பிறகு தசை பிடித்திருந்தால் கிண்ணம் இதம் தரலாம். ஆட்டத்துக்கு முந்தின நாள் மட்டும் தொடையில் வைக்காதீர்கள், கன்றிய தொடையில் இன்னொரு இடி பட்டால் தாங்காது.

அம்மாவுக்கு நீரிழிவு, இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்துவைக்கும் சின்ன வலைக் குழாய்) வைத்திருக்கிறோம். பாத எரிச்சலுக்குக் காலில் கப்பிங் செய்யலாம், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை மட்டும் சில நாள் நிறுத்துங்கள் என்கிறார்கள்.
– ஒரு மகள்

வேண்டாம். மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்றவற்றை இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். பாத எரிச்சலுக்காக யாரும் அந்த விலை கொடுக்கக் கூடாது. மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே கீறினால் ரத்தம் எளிதில் நிற்காது. நீரிழிவால் நரம்பு மரத்த காலில் சூடு பட்டாலும் தெரியாது. கொப்புளம் வந்து, புண்ணாகி, ஆறாமல் நிற்கும். அந்தப் பாத எரிச்சலே நரம்பு பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம். நீரிழிவு மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா உள்ளவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: மருத்துவர் சம்மதிக்காமல் இதன் பக்கம் போக வேண்டாம். சுருண்டு புடைத்த ரத்த நாளங்கள் உள்ள காலின் மேலும் கிண்ணம் கூடாது.

நபிவழி என்பதால் ஹிஜாமா எனும் ஈரக் கப்பிங்கைச் செய்துகொள்கிறேன். பிறை 17, 19, 21 ஆகிய நாட்களைப் பார்த்துப் போவது வழக்கம். மருத்துவராக நீங்கள் என்ன சொல்வீர்கள்?
– ஒரு வாசகர்

உங்கள் நம்பிக்கையில் நான் தலையிட மாட்டேன். எந்த நாள் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கச் சொல்வது பிளேடை. உங்கள் கண் முன்னால் உறையைப் பிரித்தாரா? கிண்ணம் புதிதா, அல்லது முன்னால் வந்தவருக்கு வைத்ததைக் கழுவியதா? ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட, 7 நாள் வரை தொற்றும் திறனோடு இருக்கக்கூடியது. “வெந்நீரில் கழுவிவிட்டோம்” என்பது அதற்குப் பதில் ஆகாது. ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. அபாயமும் இதே வழியில்தான். கையுறை மாற்றுகிறாரா, பயன்படுத்திய பிளேடு குத்தித் துளைக்காத பெட்டிக்குள் போகிறதா என்றும் கவனியுங்கள். கேட்டால் முகம் சுளிப்பவரிடம் முதுகைக் கொடுக்க வேண்டாம்.

அடிக்கடி செய்துகொள்பவராக இருந்தால் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்து ரத்தசோகையில் வந்து நின்றவர்கள் உண்டு. வெறும் வயிற்றில், தூக்கம் கெட்டு, பயந்துகொண்டே போனால் சிலர் மயங்கி விழுவார்கள். படுத்த நிலையில் செய்துகொள்வது நல்லது, முடிந்ததும் சட்டென்று எழாதீர்கள்.

வீட்டிலேயே கண்ணாடி டம்ளரில் பஞ்சைக் கொளுத்திச் செய்யலாமா?
– இல்லத்தரசி

செய்யாதீர்கள். நெருப்பு உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்கி விரிக்கிறது. ஒரு பகுதி வெளியேறுகிறது. கவிழ்த்தபின் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்க, தோல் மேலே ஏறுகிறது. தத்துவம் இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் ஆளாளுக்குத் துணிகிறார்கள். ஸ்பிரிட் ஒரு சொட்டு கூடினால் அது டம்ளரின் உட்சுவரில் வழிந்து, எரிந்தபடியே முதுகில் இறங்கும். கப்பிங்கால் வரும் தீக்காயங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் கதை. தேய்த்த எண்ணெய் வேறு தோலில் இருக்கும். ஆசை விடவில்லை என்றால் மென்மையான சிலிகான் கிண்ணம் கிடைக்கிறது. மெதுவாக அமுக்கி, ஐந்து நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். கழுத்தின் முன்பக்கம், கண்ணருகே, மச்சத்தின் மேல், புண்ணின் மேல் வைக்கக் கூடாது. குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

எனக்கு சோரியாசிஸ் என்ற செதில் படை நோய். கப்பிங் செய்தால் குணமாகும் என்று விளம்பரம் பார்த்தேன்.
– கல்லூரி மாணவி

சோரியாசிஸ், வெண்புள்ளி இரண்டிலும், தோலில் காயம் பட்ட இடத்தில் புதிதாக அதே நோய் முளைக்கக்கூடும். கோப்னர் விளைவு என்று தோல் மருத்துவர்கள் சொல்வார்கள். கிண்ணம் வைத்த இடத்தில் வட்டமாகவே படை வந்தவர்கள் உண்டு. தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களுக்கு ஈரக் கப்பிங்கின் கீறல்களும் அப்படியே தடிக்கலாம். விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கப்பிங் செய்தபின் ரத்த தானம் செய்யலாமா?
– தொடர்ந்து தானம் செய்பவர்

தோல் கிழியாத உலர் கப்பிங் என்றால் பொதுவாகத் தடை இல்லை. ஈரக் கப்பிங் என்றால் பச்சை குத்திக்கொண்டவர்களைப் போலவே சில மாதங்கள் காத்திருக்கச் சொல்வார்கள். எத்தனை மாதம் என்பது ரத்த வங்கியின் விதியைப் பொறுத்தது. படிவத்தில் கேட்கவில்லை என்றாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். முதுகில் வட்டத்தோடு வேறு எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் அங்கேயும் சொல்லுங்கள், யாரோ அடித்திருக்கிறார்கள் என்று மருத்துவர் வீட்டாரை விசாரிக்கப் போகிறார்.